இன்னும் இரண்டே வினாடிதான் இருந்தது

2024 மே 19, ஞாயிறு. இரவுப் பணி முடிந்து பட்டர்வொர்த்தில் வழக்கமாகப் போகும் மாமாக் கடைக்குப் பசியாறப் போனேன். அந்த நேரத்தில் நாலைந்து லோரி ஓட்டுநர்கள்தான் இருப்பார்கள். அன்று என்னவோ கூட்டம். சீனி டப்பாவில் சாய்த்து வைத்த ஒரு கைப்பேசியைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர். ரியாத்தில் குத்துச்சண்டை. உக்ரைனின் உசிக்கும் பிரிட்டனின் டைசன் ஃபியூரியும் மோதிக்கொண்டிருந்தார்கள். உசிக் 21 ஆட்டம் ஆடி 21 வெற்றி. ஃபியூரிக்கு 34 வெற்றி, ஒரு சமன். தோல்வி இருவருக்குமே இல்லை. ஹெவிவெயிட்டில், அதாவது மிக அதிக எடைப் பிரிவில், ஒரே சாம்பியன் என்று எல்லாரும் ஒப்புக்கொள்ளும் ஆள் 1999-இல் லெனாக்ஸ் லூயிஸுக்குப் பிறகு யாரும் கிடையாது. அந்த இடத்துக்கான ஆட்டம்.

ஒன்பதாவது சுற்றில் உசிக்கின் குத்துகள் வாங்கி ஃபியூரி ஒரு கயிற்றிலிருந்து இன்னொரு கயிற்றுக்குத் தள்ளாடினார். நடுவர் குறுக்கே வந்து எண்ண ஆரம்பித்தார். கடையில் ஒரே கூச்சல். "விழவே இல்லயே, எதுக்கு எண்றான்?" என்று பக்கத்தில் நின்ற அண்ணன் என்னிடமே கேட்டார். கயிறு இல்லாவிட்டால் விழுந்திருப்பார் என்ற நிலையில் அதுவும் விழுந்த கணக்குதான் என்று விதியைச் சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. "அப்ப ஆட்டத்தையே நிறுத்தியிருக்கலாமே, டாக்டர்" என்றார். நியாயமான கேள்வி. நிறுத்தவில்லை. எண்ணி முடித்ததும் மணி அடித்துவிட்டது. கடைசியில் மூன்று மதிப்பெண் நடுவர்களில் இருவர் உசிக்குக்குக் கொடுத்தார்கள்.

நான் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் வேலை செய்கிறேன். விடுமுறை நாள்களில் பினாங்கிலும் கெடாவிலும் நடக்கும் சிறிய குத்துச்சண்டை, மூவாய்தாய் (தாய்லாந்துக் குத்துச்சண்டை) போட்டிகளுக்கு ரிங் டாக்டராகப் போவேன். (கையில் கிடைப்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு நாசி காண்டார் நிச்சயம்.) சண்டை பார்க்க வருகிறவர்கள் கையைப் பார்ப்பார்கள். நான் காலைப் பார்ப்பேன். முகத்தில் ரத்தம் வழிந்தால் பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் புருவத்து வெட்டு நாலு தையலில் முடிகிற விஷயம். ரத்தமே இல்லாமல் ஒருவன் திரும்பும்போது கால் ஒன்றோடொன்று பின்னினால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

தோற்காத இருவர் மோதுகிறார்கள் என்றால் டிக்கெட் பறக்கும். யாரோ ஒருவருடைய தோல்விக் கணக்கில் இருக்கும் பூஜ்யம் இன்று போகப்போகிறது என்பதுதான் அங்கே விற்பனைச் சரக்கு. என் வேலையில் நான் கண்டது, அந்தப் பூஜ்யம் இருக்கிற இடத்தில் எல்லாரும் தாமதமாகத்தான் நிறுத்துகிறார்கள். ஆடுகிறவன் நிறுத்த மாட்டான், அவனைக் குறை சொல்ல முடியாது. பயிற்சி கொடுக்கும் மாஸ்டரும் நிறுத்துவதில்லை, அப்பாவும் நிறுத்துவதில்லை. சில நேரம் டாக்டரும் நிறுத்துவதில்லை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் ஒரு பழைய ஆட்டம். 1990 மார்ச் 17, லாஸ் வேகஸ். மெக்சிகோவின் ஹூலியோ செசார் சாவேஸ் அதுவரை 60-க்கும் மேற்பட்ட ஆட்டங்களில் தோற்காதவர். எதிரே அமெரிக்காவின் மெல்ட்ரிக் டெய்லர், 1984 ஒலிம்பிக்கில் 17 வயதில் தங்கம் வாங்கியவர். தொழில்முறைக்கு வந்த பிறகு அவருக்கும் தோல்வி இல்லை. டெய்லரின் கை வேகத்துக்கு அன்று ஈடே இல்லை. அவர் நான்கு குத்து விட்டால் சாவேஸ் ஒன்று விடுவார், ஆனால் அந்த ஒன்று எலும்பில் இறங்கும். பதினொரு சுற்று முடிந்தபோது மூன்று மதிப்பெண் தாள்களில் இரண்டில் டெய்லர் எட்டிப் பிடிக்க முடியாத தூரத்தில் முன்னால் இருந்தார். பன்னிரண்டாவது சுற்றில் ஓடி ஒளிந்திருந்தாலும் வெற்றி அவருக்குத்தான். அவருடைய கார்னரில், அதாவது மேடை மூலையில் நிற்கும் பயிற்சியாளர் குழுவில், இருந்தவர்களோ இந்தச் சுற்றையும் ஜெயித்தாக வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

சுற்று முடியப் பதினைந்து இருபது வினாடி இருக்கும்போது சாவேஸின் வலக்கை இறங்கியது. டெய்லர் விழுந்தார், கயிற்றைப் பிடித்து எழுந்தார். நடுவர் ரிச்சர்ட் ஸ்டீல் எட்டு வரை எண்ணிவிட்டு, ஆட முடியுமா என்று கேட்டார். பதில் இல்லை. திரும்பவும் கேட்டார். டெய்லரின் பார்வை தன் கார்னர் பக்கம் போயிருந்தது. அங்கே பயிற்சியாளர் லூ டுவா மேடை விளிம்பில் ஏறிக் கத்திக்கொண்டிருந்தார். ஸ்டீல் கையை வீசி ஆட்டத்தை முடித்துவிட்டார். மணி அடிக்க 2 வினாடி பாக்கி.

இன்றுவரை அந்த 2 வினாடிக்காகச் சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். என் கட்சி ஸ்டீல் கட்சி. இரண்டு முறை கேட்டும் பதில் சொல்ல முடியாதவனுக்கு எவ்வளவு நேரம் பாக்கி இருந்தால் என்ன? அதைவிட எனக்கு உறுத்துவது வேறு. ஸ்டீல் தடுத்தது அடுத்து விழப்போகும் ஒரு குத்தை மட்டும்தான். அதற்கு முன்னால் பதினொரு சுற்றில் வாங்கியதை யார் தடுத்தார்கள்? டெய்லர் அங்கிருந்து நேரே மருத்துவமனைக்குப் போனார். கண்குழி எலும்பு முறிந்திருந்தது, நிறைய ரத்தத்தை விழுங்கியிருந்தார். அதன் பிறகும் பல ஆண்டுகள் ஆடினார், பட்டமும் வென்றார். ஆனால் பழைய டெய்லர் திரும்பவில்லை. பிற்காலத்தில் அவர் பேசும் காணொளிகளில் நாக்கு குழறுவது காதில் விழும்.

உள்ளே என்ன நடக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லும்போது தயிர்ச் சட்டியை உதாரணம் காட்டுவேன். உறைந்த தயிர் உள்ள சட்டியைப் படக்கென்று திருப்பினால் சட்டி முதலில் திரும்பும், தயிர் ஒரு கணம் பின்தங்கும். தாடையில் பக்கவாட்டாக ஒரு ஹுக் விழுந்தால் தலை சுழலும் வேகத்துக்கு மூளை ஈடு கொடுக்க முடியாது. மூளையின் மேற்பரப்பிலிருந்து வெளியுறைக்குப் போகும் மெல்லிய சிரைகள் அப்போது இழுபட்டு அறுந்துவிடும். ரத்தம் மெதுவாகக் கசியும். அதனால்தான் அடிபட்டவன் எழுந்து நின்று, பேசி, படம் எடுத்து, ரொட்டி சானாய் தின்றுவிட்டு, சில மணி நேரம் கழித்துச் சரிகிறான். தலைக்கவசம் இதைத் தடுக்காது. வெட்டுக் காயத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். ஆண்களுக்கான பெரிய அமெச்சூர் போட்டிகளில் 2013-இல் அதைக் கழற்றியே விட்டார்கள். கையுறையும் பெரும்பாலும் குத்துகிறவனின் விரலைத்தான் காப்பாற்றுகிறது.

சரி, என் கதைக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் உள்ளூர்ப் பட்டப் போட்டி, ஆறு சுற்று. இரண்டு பேருமே நம் பையன்கள், இரண்டு பேருமே தோற்காதவர்கள். ஒருவனுக்கு ஆறு வெற்றி. பிறை என்ற ஊரில் தொழிற்சாலை வேலை, 22 வயது. நாலாவது சுற்றில் ஒரு ஹுக் வாங்கினான், விழவில்லை. தன் கார்னருக்குத் திரும்பி நடந்தபோது இடது கால் அரை நொடி தாமதமாக வந்தது. மேலே ஏறிப் போனேன். எந்த ஊரில் இருக்கிறாய், எத்தனையாவது சுற்று, எதிராளி பெயர் என்ன? படபடவென்று சொன்னான், ஒன்றுகூடத் தவறில்லை. "ரெண்டே சுத்துதான் டாக்டர், நல்லா ஆடிக்கிட்டு இருக்கான்" என்றார் மாஸ்டர். கீழே அவன் அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். விட்டுவிட்டேன்.

ஜெயித்தான். பெல்ட்டைத் தோளில் போட்டுப் படம் எடுத்தார்கள், நானும் அதில் ஓரமாக நிற்கிறேன். இரவு பதினொன்றரைக்கு அவன் அக்கா அழைத்தார். இரண்டு தடவை வாந்தி, விளக்கைப் போட்டால் கத்துகிறான், கழுத்தில் தைலம் தேய்த்தும் வலி நிற்கவில்லை. உடனே ஆம்புலன்ஸுக்கு அழைக்கச் சொன்னேன். ஸ்கேனில் மூளை உறைக்கு அடியில் மெல்லிய ரத்தப் படலம். அறுவை தேவைப்படவில்லை. ஒன்பது நாள் படுக்கை. அதோடு குத்துச்சண்டை முடிந்தது. ஏழு வெற்றி, தோல்வி பூஜ்யம், அந்தக் கணக்கு இன்னும் அப்படியே இருக்கிறது.

மாதங்கள் கழித்து அதே மாஸ்டர் பேச்சுவாக்கில் சொன்னார்: "நீங்க என்ன கேப்பீங்கனு தெரியும்ல டாக்டர், அதான் பசங்களுக்கு முன்னாடியே சொல்லிக் கொடுத்துடுவோம்." அவர் அதைப் பெருமையாகத்தான் சொன்னார்.

இந்த விளையாட்டில் ஒவ்வொரு பாதுகாப்பு விதிக்கும் பின்னால் ஒரு பையன் இருக்கிறான். 1982-இல் தென் கொரியாவின் கிம் டுக்-கூ, ரே மன்சினியிடம் பதினான்காவது சுற்றில் விழுந்து சில நாளில் இறந்தார். உலகப் பட்டப் போட்டிகள் 15 சுற்றிலிருந்து 12 ஆனது அதற்குப் பிறகுதான். 1991-இல் லண்டனில் மைக்கேல் வாட்சன் மேடையில் சரிந்து, உரிய சிகிச்சை தாமதமானதில் பாதி உடல் முடங்கியது. அவர் பிரிட்டிஷ் குத்துச்சண்டை வாரியத்தின் மேல் வழக்குப் போட்டு ஜெயித்தார். 2025 ஆகஸ்ட்டில் தோக்கியோவில் ஒரே நாள் நிகழ்ச்சியில் ஆடிய இரண்டு ஜப்பானியர்கள் அடுத்தடுத்து இறந்தார்கள், இருவருக்கும் நான் மேலே சொன்ன அதே ரத்தக்கசிவு.

நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. 1975 ஜூலை 1, கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் முகமது அலியும் ஜோ பக்னரும் 15 சுற்று முழுக்க ஆடினார்கள். அதைப் பார்த்த அங்கிள்கள் இன்றும் அலியின் கால் வீச்சைப் பற்றிப் பேசுவார்கள். நான் பேசுவது அந்த நாட்காட்டியைப் பற்றி. சரியாக மூன்றே மாதத்தில், அக்டோபர் 1 அன்று, மணிலாவில் ஜோ ஃபிரேசியருடன் 14 சுற்று. அலியும் ஃபிரேசியரும் முதலில் மோதிய 1971-இல் இருவருமே தோற்காதவர்கள். யாரும் நிறுத்தவில்லை, 15 சுற்றும் ஓடியது, ஜெயித்த ஃபிரேசியர்தான் பிறகு மருத்துவமனையில் கிடந்தார். மணிலாவில் ஃபிரேசியரின் பயிற்சியாளர் எடி ஃபட்ச், ஒரே சுற்று பாக்கி இருக்கும்போது, அவர் கெஞ்சியும் கேட்காமல் போதும் என்று உட்கார வைத்துவிட்டார். என்னைக் கேட்டால் அந்த இரவின் சிறந்த முடிவு அதுதான். அலியின் டாக்டர் ஃபெர்டி பச்சேக்கோ, இனி ஆடாதே என்று சொல்லிப் பார்த்துவிட்டு 1977-இல் விலகிவிட்டார். அலிக்குப் பார்க்கின்சன் நோய்க்குறி என்று 1984-இல் தெரிந்தது. குத்துச்சண்டை மட்டும்தான் காரணம் என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. ஆனால் அவர் வாங்கிய குத்துகளைக் கணக்கில் சேர்க்காமலும் பேச முடியாது.

2018 ஜூலையில் கோலாலம்பூர் புக்கிட் ஜாலிலில் பிலிப்பீன்ஸின் பாக்கியாவோவிடம் மூன்றாவது முறை விழுந்த அர்ஜென்டினாவின் மத்தீசே, வாய்க்கவசத்தைத் துப்பிவிட்டு அப்படியே விட்டுவிட்டார். என் நண்பர்கள் கேலி செய்தார்கள், கொடுத்த காசுக்கு ஆடவில்லையாம். எனக்கு அந்த ஆள் மேல் மரியாதைதான் வந்தது.

சிலம்பமோ ஃபுட்சாலோ மோட்டார் விபத்தோ, வீட்டில் பிள்ளைகள் தலையில் அடிபட்டு வந்தால் கதை ஒன்றுதான். தலைவலி கூடிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினால் எழாத தூக்கம், குழறும் பேச்சு, ஒரு கண்பாவை மட்டும் பெரிதாவது, ஒரு பக்கக் கை கால் தளர்வது, வலிப்பு, மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வடிவது. இதில் ஒன்று இருந்தாலும் ஆம்புலன்ஸுக்கு 999. விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வலிக்கு ஆஸ்பிரின், புரூஃபன் கொடுக்கக் கூடாது, ரத்தக்கசிவு இருந்தால் அவை அதைக் கூட்டிவிடலாம். பெனடோல் போதும், ஆனால் பெனடோலுக்குப் பிறகும் வலி ஏறினால் அதுவே ஓர் அறிகுறி. தூங்கவே விடக் கூடாது என்பது பழைய நம்பிக்கை. டாக்டர் பார்த்து அனுப்பியிருந்தால் தூங்கட்டும், முதல் 24 மணி நேரம் தனியாக மட்டும் விடாதீர்கள். மோட்டார் சைக்கிள் சாவியை வாங்கி வைத்துவிடுங்கள்.

முதல் அடி ஆறாமல் இரண்டாவது அடி விழுந்தால் அது லேசான அடியாக இருந்தாலும் மூளை வீங்கிவிடக்கூடும். நாக் அவுட் ஆனவனுக்குப் பல நாடுகளில் குறைந்தது ஒரு மாதம் தடை போடுவது இதற்காகத்தான். தடை என்றால் ஸ்பாரிங்கும், அதாவது ஜிம்மில் பயிற்சிக்காக மோதுவதும், சேர்த்து. இங்கேதான் நம்மவர்கள் கோட்டை விடுகிறார்கள். போட்டிக்கு மட்டும் போக மாட்டான், செவ்வாய்க்கிழமை ஜிம்மில் நின்றுகொண்டிருப்பான். ஒரு பையன் வாழ்நாளில் வாங்கும் குத்துகளில் பெரும்பகுதி டிக்கெட் விற்காத அந்த ஜிம்மில்தான் விழுகிறது.

எடை குறைப்பது தனிக் கட்டுரைக்கான விஷயம். பிளாஸ்டிக் சட்டையை மாட்டிக்கொண்டு நம் ஊர் வெயிலில் ஓடி, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் தராசில் ஏறும் பையன்களை நான் பார்க்கிறேன். எடை போட்டதும் நாலு ஹண்ட்ரட் பிளஸ் குடித்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். நாக்கு நனையும். உடம்பு முழுசாகத் தேற அந்த ஒரு இரவு போதாது.

அந்தப் பிறைப் பையனுக்குப் பிறகு என் முறையைக் கொஞ்சம் மாற்றினேன். ஆட்டத்துக்கு முன் கார்னரைக் கூப்பிட்டு, ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி மேடையில் துண்டை வீசப்போவது உங்களில் யார் என்று கேட்பேன். பெரும்பாலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். பெயர் சொல்லாமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை. கேள்விகளையும் மாற்றினேன். மாதங்களை டிசம்பரிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொன்னேன். மூன்றாவது போட்டியிலேயே ஒரு பையன், நான் வாயைத் திறப்பதற்கு முன் "டிசம்பர், நவம்பர், அக்டோபர்" என்று ஆரம்பித்துவிட்டான்.

இப்போது எதுவும் கேட்பதில்லை. ஸ்டூலிலிருந்து எழுப்பி, ஒரு பாதத்தின் முன் இன்னொரு பாதம் வைத்து என்னை நோக்கி நாலு அடி நடக்கச் சொல்கிறேன்.