பி.எம். 2.5: தூசியா, துகளா?

லண்டனில் அண்டர்கிரவுண்ட் ரயிலில் ஒரு மணி நேரம் போய்விட்டு மேலே வந்து மூக்கைச் சிந்தினால், கைக்குட்டையில் கறுப்பாக ஏதோ ஒட்டும். அதைத் தமிழில் எழுதுகிறவர்கள் "தூசி" என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். அறிக்கைகளில் அதற்குப் பெயர் பார்ட்டிகுலேட் மேட்டர், சுருக்கமாக பி.எம். தமிழ்த் தலைப்புச் செய்தியில் பி.எம். என்று போட்டால் பிரதமர் என்றே படிப்பார்கள் என்பது தனிச் சங்கடம்.

முதலில் அந்த ஆங்கிலச் சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். லத்தீனில் பார்ஸ் என்றால் பங்கு, கூறு. அதோடு சிறுமையைக் குறிக்கும் விகுதி சேர்ந்து பார்ட்டிகுலா, அதாவது சிறு கூறு. பார்ட்டிகிள், பார்ட்டிகுலேட் இரண்டும் அதன் பிள்ளைகள். மேட்டர் என்பது மெட்டீரியா என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. முதலில் அது கட்டட வேலைக்கான மரத்தைக் குறித்து, பிறகு எல்லாப் பொருளுக்கும் பொதுவானது. ஆக, சொல்லின் நேர்ப்பொருள் "சிறு சிறு கூறாக இருக்கும் பொருள்". எந்தப் பொருள் என்று அது சொல்வதே இல்லை. கரியும் கடல் உப்பும் மகரந்தமும் இரும்பும் அதற்கு ஒன்றுதான். சுரங்க ரயில் விஷயத்தில் குழப்பம் தொடங்குவது இங்கேதான்.

2.5 என்ற எண்ணும் பலர் நினைப்பது போன்றதல்ல. அது மைக்ரோமீட்டர் கணக்கு. ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பகுத்தால் ஒரு மைக்ரோமீட்டர், தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 50 முதல் 70. ஆனால் 2.5 என்பது அளவுகோல் வைத்து அளந்த விட்டமல்ல, காற்றியக்க விட்டம். நீரின் அடர்த்தி கொண்ட 2.5 மைக்ரோமீட்டர் உருண்டை காற்றில் எவ்வளவு மெதுவாக இறங்குமோ, அவ்வளவு மெதுவாக இறங்கும் எதுவும் அந்தக் கணக்கில் சேரும். இரும்பு ஆக்சைடு நீரைப்போல ஏறத்தாழ 5 மடங்கு கனம். அதனால் 1.1 மைக்ரோமீட்டர் அளவுள்ள இரும்பு ஆக்சைடுத் துணுக்கே 2.5 போல நடந்துகொள்ளும். இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. கடையில் கிடைக்கும் மலிவான காற்றுமானிகள் துகள் சிதறடிக்கும் ஒளியை வைத்து எடையை ஊகிக்கின்றன. திறந்தவெளிக் காற்றில் மிதக்கும் துகளின் சராசரி அடர்த்திக்கு ஒத்துப்போகும்படி அவை அளவு திருத்தப்பட்டவை. அதே கருவியைச் சுரங்க நடைமேடைக்குக் கொண்டுபோனால் எடையைக் குறைத்துக் காட்டும். அங்கே நம்பத்தக்க வழி பழைய வழிதான்: வடிதாளை எடைபோட்டு, தெரிந்த அளவு காற்றை அதன் வழியே இழுத்து, மறுபடி எடைபோடுவது.

சரி, அந்தக் கறுப்பு எது? புகை அல்ல. புகை என்று எழுதினால் 1863இல் எழுதியிருக்க வேண்டும். அந்த ஆண்டு ஜனவரி 10ஆம் தேதி பேடிங்டனுக்கும் ஃபாரிங்டனுக்கும் இடையே உலகின் முதல் சுரங்க ரயில் ஓடியபோது இழுத்தது நீராவி எஞ்சின், பெட்டிக்குள் எரிந்தது எரிவாயு விளக்கு. 1890இல் ஆழமான குழாய்ப் பாதையில் மின்சார ரயில் வந்தபின் அந்தப் புகைக்கு அங்கே வேலையில்லை. இன்று காற்றில் மிதப்பதில் பெரும்பங்கு ரயிலே தன்னைத் தானே தேய்த்துக்கொள்வதால் வருவது. எஃகுச் சக்கரமும் தண்டவாளமும் தொட்டுக்கொள்ளும் இடம் ஒரு விரல் நகம் அகலம்தான். அத்தனை டன்னும் அதன் மேல். வளைவுகளில் சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்தின் பக்கத்தை உரசும், அந்தக் கிறீச்சொலி தேய்மானத்தின் சத்தம். பிரேக் கட்டை சக்கரத்தைத் தேய்க்கிறது. மின்சாரம் எடுக்க ரயிலின் அடியில் இருக்கும், காலணி என்று பெயர்பெற்ற உலோகக் கட்டை மின்தண்டவாளத்தைத் தேய்க்கிறது. இவற்றோடு பயணிகளின் முடி, தோல் செதில், துணிப்பிசிறு. லண்டனில் இரவில் ரயில் நின்றபின் சுரங்கத்தில் இறங்கி இந்தப் பிசிறை வாரி எடுத்தவர்களுக்கு ஃப்ளஃபர் என்றே பெயர். ஃப்ளஃப் என்றால் பஞ்சுப்பிசிறு.

லண்டன் சுரங்க ரயிலின் பி.எம். 2.5ஐப் பிரித்துப் பார்த்த ஆய்வொன்று 2020இல் வெளியானது. இரும்பு ஆக்சைடு 47%, கரிமப் பொருளில் உள்ள கார்பன் 11%, தனிக் கார்பன் 7%, பிற உலோக, கனிம ஆக்சைடுகள் 14% என்று அதில் கண்டார்கள். பாதி இரும்புத் துரு என்று வைத்துக்கொள்ளலாம். சாலையோரத்துப் பி.எம். 2.5 இப்படி இருக்காது. ஒரே பெயர், வேறு பண்டம்.

இப்போது தமிழுக்கு வருவோம்.

தூசி என்ற சொல்லோடு எனக்குள்ள சண்டை அதன் தொனியில். "அவனெல்லாம் எனக்குத் தூசு", "உன் கால் தூசுக்குப் பெறுமா" என்பது நம் வழக்கு. தட்டிவிட்டால் போய்விடுவது, பொருட்படுத்தத் தேவையில்லாதது தூசி. படிந்திருப்பது என்ற நினைப்பும் அதில் உண்டு, மேசைமேல், புத்தகத்தின் மேல். நம்மைத் தொல்லைப்படுத்துவது படிவதல்ல, படியாமல் மிதப்பது. புழுதி இன்னும் விலகிப் போகிறது. மண் இல்லாமல் புழுதி இல்லை, சுரங்கத்தில் மண் ஏது? தூளும் பொடியும் அடுக்களைக்குப் போய்விட்டன. மாசு நல்ல பழஞ்சொல். "மனத்துக்கண் மாசிலன்" என்று குறள் சொல்லும் மாசு, இன்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வரை வந்திருக்கிறது. ஆனால் அது குடை போன்றது, வாயுவும் ஓசையும் சாயக்கழிவும் எல்லாம் அதற்குள் அடக்கம்.

துகள் சரியான சொல். சிறு கூறு என்பதைத் தவிர அது வேறெதையும் ஏற்றிச் சொல்வதில்லை. பார்ட்டிகுலா சொல்வதும் அதையே. பழைய தமிழில் அதற்குக் குற்றம் என்ற பொருளும் இருந்தது, "துகள் தீர்ந்த" என்றால் குற்றமற்ற. பி.எம். பொதுவாக வரும்போது "துகள்மாசு" என்றும், 2.5 வரும்போது "நுண்துகள்" என்றும் எழுதலாம். இலக்கணப்படி தண் துளி தண்டுளி ஆவதுபோல இது நுண்டுகள் ஆக வேண்டும். அப்படி எழுதினால் சுண்டல் மாதிரி ஏதோ தின்பண்டம் என்று நினைப்பார்கள், விட்டுவிடலாம். இன்னொன்று: "நுண்துகள்கள்" என்ற பன்மை வாயில் கள் கள் என்று உருளும். மணல், அரிசி போல ஒருமையாகவே வைத்து, "நுண்துகள் கூடியிருக்கிறது" என்றால் ஒரு குறையும் இல்லை. கொரிய மொழிக்காரர்கள் நுண்தூசி என்றும், 2.5க்கு மீநுண்தூசி என்றும் பொருள்படும் சொற்களை வைத்திருக்கிறார்கள். வானிலை போல அன்றாடப் பேச்சில் அவை புழங்குகின்றன. எளிய சொல் கிடைத்தால் மக்கள் பயன்படுத்துவார்கள் என்பதற்கு அது சாட்சி.

சுரங்க ரயிலுக்கு மட்டும் நுண்துகள் என்பதோடு நிற்கக்கூடாது என்பது என் கட்சி. அரம் போட்டு ராவும்போது உதிரும் இரும்புக்குத் தமிழில் அரப்பொடி என்று பெயர். பொருளும் அதுவே, உருவாகும் விதமும் அதுவே. சுரங்க ரயில் தன் நீளத்துக்கும் அரம் போட்டுக்கொண்டே ஓடுகிறது. ஆனால் அரப்பொடி விரலில் நெருடும் பருமன், இது நெருடாது. ஆகவே தேய்துகள் என்று சொல்லலாம்: தேய்ந்த துகள், தேய்கின்ற துகள், தேயும் துகள் என மூன்று காலமும் அடங்கிய வினைத்தொகை. எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லே காட்டிவிடும். காந்தத்தைத் துணியில் சுற்றிச் சுரங்கத் தூசியில் ஆட்டினால் ஒட்டிக்கொண்டு வரும். 2022இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் இந்தக் காந்தத் தன்மையை வைத்தே லண்டன் நிலையங்களின் தூசியை ஆராய்ந்தார்கள். 5 நானோமீட்டர் அளவுக்குச் சிறிய மணிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளாக இருந்தன. அவை பெரும்பாலும் மேக்ஹெமைட் என்ற இரும்பு ஆக்சைடு. அது நெடுநாள் காற்றுப் பட்டு உருவாகக்கூடியது. அதாவது இன்று காலை உதிர்ந்ததல்ல, பழையது. ரயில் போகும்போதெல்லாம் எழுந்து, அடங்கி, மறுபடி எழுகிறது.

ஏன் வெளியே போவதில்லை என்பதற்கும் ஒரு சொல்லில் விடை இருக்கிறது. சுரங்கம் என்பதை வடமொழி சுருங்கா வழியாக, குழல் என்று பொருள்படும் சிரிங்க்ஸ் என்ற கிரேக்கச் சொல்லோடு சேர்த்துக் காட்டுவோர் உண்டு. தமிழ் வேரே என்போரும் உண்டு. ஊசி போடும் சிரிஞ்சு அந்தக் கிரேக்கச் சொல்லின் வழி வந்ததே. லண்டன்காரர்கள் வைத்த ட்யூப் என்ற பெயருக்கும் பொருள் குழாய்தான். குறுகிய குழாய்க்குள் ஓடும் ரயில், சிரிஞ்சுக்குள் தண்டு போல முன்னால் உள்ள காற்றைத் தள்ளி, பின்னால் உள்ளதை இழுக்கிறது. ரயில் வருமுன் நடைமேடையில் முகத்தில் அடிக்கும் அந்த வெதுவெதுப்பான காற்று புதுக்காற்றல்ல. தேய்துகளைச் சுமந்த சுரங்கக் காற்று.

கிளம்பும் துகளின் அளவு பாதைக்குப் பாதை மலைக்கும் மடுவுக்குமாக இருக்கிறது. மேலே சொன்ன 2020 ஆய்வில் லண்டன் சுரங்க ரயிலின் சராசரி கன மீட்டருக்கு 88 மைக்ரோகிராம், சாலையோரம் 22. முழுக்க நிலத்தடியில் ஓடும் விக்டோரியா பாதையில் இடைநிலை அளவு, அதாவது அளவுகளை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது, 361. ஆழமில்லாமல் வெட்டி மூடப்பட்டு, பல இடங்களில் வானம் பார்க்கும் டிஸ்ட்ரிக்ட் பாதையில் 4. தமிழ்க் கடைகள் நிறைந்த ஈஸ்ட் ஹாமிலிருந்து போகிறவருக்கு டிஸ்ட்ரிக்ட் பாதை. அதே அளவு தமிழ் கேட்கும் டூட்டிங்கில் ஏறுகிறவருக்கு நார்தர்ன் பாதையின் ஆழ்குழாய்.

உடம்புக்கு என்ன? பெரிய துகளை மூக்கே பிடித்துவிடுகிறது. கைக்குட்டையில் கண்டது உள்ளே போகாத பங்கு. கவலை, காணாத பங்கைப் பற்றியது. அது நுரையீரலின் காற்றறைகள் வரை இறங்கும். 2005இல் ஸ்டாக்ஹோமின் மரியாடோரியட் நிலையத்துத் துகளை ஆய்வகத்தில் வளர்த்த நுரையீரல் செல்களில் இட்டபோது, தெருத் துகளைவிட ஏறத்தாழ 8 மடங்கு மரபுப்பொருள் சேதம் தெரிந்தது. பயமுறுத்தும் எண்தான். ஆனால் அதே நகரத்துச் சுரங்க ரயில் ஓட்டுநர்களிடம் மாரடைப்பு கூடியிருக்கிறதா என்று பார்த்த ஆய்வு 2007இல் வந்தது, கூடவில்லை. கண்ணாடித் தட்டில் நடப்பதெல்லாம் உடம்பில் நடந்தே தீரும் என்றில்லை. பிரிட்டனின் மருத்துவ ஆலோசனைக் குழு 2019இல் ஓரளவு அபாயம் இருக்கக்கூடும், குறைக்கும் முயற்சி வேண்டும் என்ற அளவில் பேசியது.

பயணிக்கு உதவுவது நேரக் கணக்கு. வெளியில் 19 மைக்ரோகிராம் காற்றில் 23 மணி நேரமும், 88 உள்ள ரயிலில் ஒரு மணி நேரமும் இருந்தால் நாளின் சராசரி சுமார் 22. அந்த ஒரு மணி நேரம் 361 என்றால் சராசரி 33. உலக சுகாதார அமைப்பு 2021இல் வைத்த 24 மணி நேர அளவு 15. ஒரு மணி நேரம் நாள்கணக்கை எவ்வளவு இழுக்கும் என்பதற்காகச் சொன்னேன். குறைக்க வேண்டுமானால் ஆழமான நடைமேடையில் நிற்கும் நேரத்தைக் குறையுங்கள், சுரங்கத்தில் ஓடும்போது பெட்டியின் இணைப்புக் கதவுச் சன்னலை மூடுங்கள். முகத்தில் இறுக ஒட்டும் என்95 அல்லது எஃப்.எஃப்.பி.2 கவசம் வேலை செய்யும். கைக்குட்டையும் துணிக் கவசமும் மூக்கு செய்யும் வேலையையே திரும்பச் செய்கின்றன.

ரயில் நிறுவனத்தின் பக்கம் உள்ள வழிகளில் ஒன்று, பிரேக் கட்டையைத் தொடாமல் மோட்டாரையே ஜெனரேட்டராக்கி வேகம் குறைப்பது. ஆனால் கடைசி மெதுநடையில் உரசு பிரேக்கே பிடிக்க வேண்டியிருக்கும், அது நடக்கும் இடம் நடைமேடை. மற்றொன்று நடைமேடைத் தடுப்புக் கதவு. சியோலில் எல்லா நிலையத்திலும் வைத்தார்கள், நடைமேடைக் காற்று தெளிந்தது, பெட்டிக்குள் துகள் கூடியது. வெளியேற வழியில்லாத குழாயில் துகளுக்கு வேறு போக்கிடம் ஏது?

கடைசியாக, மொழிபெயர்ப்பவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம். பிரிட்டனில் பணியிட வரம்பாகக் காட்டப்படுவது, மூச்சோடு நுரையீரலின் ஆழம் வரை போகும் தூசிக்குக் கன மீட்டருக்கு 4 மில்லிகிராம், 8 மணி நேரச் சராசரி. நுண்துகள் எண்களோ மைக்ரோகிராமில் வருகின்றன. 4 மில்லிகிராம் என்றால் 4000 மைக்ரோகிராம். 361ஐ அதன் பக்கத்தில் வைத்தால் சிறிதாகத் தெரியும், 15இன் பக்கத்தில் வைத்தால் 24 மடங்கு. முதல் வரம்பு உடல்நலமுள்ள தொழிலாளிக்கு, 4 மைக்ரோமீட்டரை ஒட்டிய வேறு வெட்டு அளவில். இரண்டாவது குழந்தை, முதியவர், ஆஸ்துமாக்காரர் எல்லாருக்கும். இரண்டையும் "அனுமதிக்கப்பட்ட தூசி அளவு" என்று ஒரே தொடரில் எழுதாமல், ஒன்றைப் பணியிடத் தூசி வரம்பு என்றும் மற்றதை நுண்துகள் வழிகாட்டு அளவு என்றும் பிரித்து எழுதுங்கள்.