டிவிடி அடிக்கப் போனால் சி ட்ரைவ் ஏன் நிரம்புகிறது?

சிவராத்திரி முடிந்து கோணேசப் பெருமான் நகர்வலம் வந்த கையோடு, திருகோணமலையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டார். "அண்ணா, நகர்வல வீடியோவை டிவிடியில அடிச்சுத் தாங்கோ எண்டு வயசான ஆக்கள் கேக்கினம். பைல் எல்லாம் டி ட்ரைவில கிடக்கு, டிஸ்க்கும் புதுசு. பிறகேன் சி ட்ரைவில இடமில்லை எண்டு சொல்லுது?" இந்தக் காலத்தில் டிவிடியா என்று சிரிக்க வேண்டாம். டிவிக்குக் கீழே பழைய பிளேயர் உள்ள வீடுகள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கின்றன, அந்த வீட்டு அம்மம்மாவுக்குப் பென்ட்ரைவ் சரிவராது.

டிஸ்க்கில் எழுதும் முன் விண்டோஸ் அந்த பைல்களைத் தற்காலிகமாக சி ட்ரைவில் ஒரு பிரதி எடுத்து வைக்கிறது, அதுதான் நோய். வைத்தியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். டிவிடி ட்ரைவின் மேல் ரைட் கிளிக், ப்ராபர்ட்டீஸ், அதில் 'ரெக்கோர்டிங்' என்ற பக்கம். தற்காலிக பைல்களை எந்த ட்ரைவில் வைப்பது என்று அங்கே ஒரு பட்டியல் இருக்கும், சி-யை மாற்றி டி-யைத் தெரிவு செய்து ஓகே கொடுங்கள். விண்டோஸ் 7, 10 இரண்டிலும் இதே வழிதான். ஒற்றை அடுக்கு டிவிடியின் அட்டையில் 4.7 ஜிபி என்று போட்டிருந்தாலும் விண்டோஸின் எண்ணிக்கையில் அது 4.38 ஜிபி அளவுதான் வரும். ஆனாலும் தெரிவு செய்த ட்ரைவில் ஒரு 10 ஜிபி வெறுமையாக இருந்தால் நிம்மதி.

சரி, பைல் ஏற்கெனவே டி-யில் இருக்கும்போது அதை இன்னொரு தரம் எதற்குப் பிரதி எடுக்க வேண்டும்?

எங்கள் வீட்டில் முறுக்குப் பிழிவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். டிவிடியில் லேசர் போகும் பாதை வட்டம் வட்டமாக இல்லை, முறுக்கைப் போல நடுவில் தொடங்கி வெளியே சுற்றிக்கொண்டு போகும் ஒரே இழை. அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடையே 0.74 மைக்ரோமீற்றர் தூரம்தான். இழையை உருவி நீட்டினால் கிட்டத்தட்ட 12 கிலோமீற்றர் வரும். சீடியின் இழை திருகோணமலை நகரத்திலிருந்து உப்புவெளிப் பக்கம் வரை போகும் என்றால், டிவிடியின் இழை நிலாவெளிப் பாதையில் பெரும்பகுதியைத் தாண்டிவிடும். இவ்வளவு நீளமும் ஒரு உள்ளங்கைத் தட்டுக்குள். சாதாரண வேகத்தைப் போல 16 மடங்கு வேகத்தில் எழுதும்போது வெளி ஓரத்தில் லேசருக்குக் கீழே தட்டு மணிக்கு 200 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறது, நொடிக்கு 22 எம்பி அளவு தரவு உள்ளே போக வேண்டும்.

இப்போது ட்ரைவுக்குள் இருக்கும் சிறிய நினைவகத்தைப் பாருங்கள், அதுதான் முறுக்கு உரல். பல ட்ரைவ்களில் அதன் கொள்ளளவு 2 எம்பி. நொடிக்கு 22 எம்பி பிழிந்தால் அது பத்தில் ஒரு நொடிக்குள் காலி! அதற்குள் ஹார்ட் டிஸ்க் அடுத்த பிடி மாவைக் கொண்டுவர வேண்டும். முந்திய காலத்தில் கொண்டுவரத் தவறினால் இழை அறும், அறுந்த டிஸ்க் குப்பைக்குத்தான். லேசர் எழுதுவது டிஸ்க்கில் உள்ள சாயப்படலத்தைச் சுட்டுத்தான், அந்தத் தழும்பை அழித்து எழுத முடியாது. ஆகவே பிழியத் தொடங்கும் முன்பே மாவெல்லாம் குழைத்து ஒரே சட்டியில் தயாராக இருக்க வேண்டும். தற்காலிக போல்டர் என்பது அந்தச் சட்டி.

இன்னொரு காரணமும் உண்டு. பிளேயரில் போடும் வகை டிஸ்க்கில் எந்த பைல் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை தொடக்கத்திலேயே எழுதப்படும். மாவின் கணக்கு முழுதாகத் தெரியாமல் அட்டவணையை எழுத முடியாது. பென்ட்ரைவைப் போல அவ்வப்போது பைலைப் போட்டு எடுக்கும் முறையைத் தெரிவு செய்தால் நேரடியாகவே எழுதும், இந்தச் சட்டி தேவைப்படாது, ஆனால் அந்த டிஸ்க்கைப் பழைய பிளேயர்கள் பெரும்பாலும் படிக்காது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனித்தான் வருகிறது. உரல் காலியாகப் போகிறது என்று தெரிந்தால் இன்றைய ட்ரைவ் என்ன செய்கிறது? எழுதுவதை நிறுத்தி, நின்ற இடத்தை நினைவில் வைத்து, உரல் நிறையும் வரை காத்திருந்து, பிறகு சற்றுப் பின்னால் போய், தான் ஏற்கெனவே எழுதியதை வாசித்துக்கொண்டே வந்து சரியாக அறுந்த முனையிலேயே லேசரை மறுபடி மூட்டுகிறது. 12 கிலோமீற்றர் இழையில், மணிக்கு நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் தட்டில், அந்த முனையை எப்படிக் கண்டுபிடிக்கிறது? வெறும் டிஸ்க் என்று நாம் வாங்குவது உண்மையில் வெறுமையானதே இல்லை. தொழிற்சாலையிலேயே அதில் ஒரு பள்ளம் சுற்றி வரைந்து அனுப்புகிறார்கள். அந்தப் பள்ளம் நேராகவும் போவதில்லை, மிக மெல்லிதாக நெளிந்து நெளிந்து போகிறது. டிவிடி பிளஸ் ஆர் வகையில், சாதாரண வேகத்தில், நொடிக்கு எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட நெளிவுகள் லேசரைக் கடக்கின்றன. அந்த நெளிவின் தாளத்தை வைத்துத் தட்டின் வேகத்தைச் சரிசெய்கிறது. தாளத்தில் இடையிடையே வரும் சிறு மாற்றங்களை வாசித்து, மைல்கல் பார்ப்பது போல, எங்கே நிற்கிறேன் என்று அறிந்துகொள்கிறது. சான்யோ நிறுவனம் 2000-ஆம் ஆண்டளவில் 'பேர்ன் ப்ரூஃப்' என்ற பெயரில் இந்த வித்தையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

அதற்கு முன்பு எங்கள் பக்கம் ஒரு கடையில் சீடி அடிக்கும்போது கொம்பியூட்டருக்குத் திருநீறு பூசியிருக்கும், மவுஸைத் தொடக்கூடாது, ராகு காலத்தில் அடிக்கவும் மாட்டார்கள். மவுஸ் விஷயத்தில் நான் அவர்களைப் பழிக்க மாட்டேன், அந்தக் காலக் கொம்பியூட்டரில் வேறு வேலை தொடங்கினால் உரல் உண்மையிலேயே காலியாகும், அனுபவத்தில் கண்ட விதி அது. ராகு காலத்துக்கு மட்டும் எந்த விளக்கமும் எனக்குக் கிடைக்கவில்லை.

தம்பிக்கு ஒரு எச்சரிக்கை. சி, டி இரண்டும் ஒரே ஹார்ட் டிஸ்க்கின் இரு பகுதிகள் என்றால் இடம் கிடைக்கும், வேகம் கூடாது. ஒரே அடுப்படியை நடுவில் சேலை கட்டிப் பிரித்தது போல்தான், வேலை செய்வது ஒரே கை. அடுத்தது, பழைய ஃபேட்32 முறையில் போர்மட் செய்த ட்ரைவைத் தெரிவு செய்யாதீர்கள். அதில் ஒரு பைல் 4 ஜிபியைத் தொட முடியாது, முழு டிஸ்க்கையும் ஒரே பைலாகச் செய்துவைக்கும் மென்பொருட்கள் பாதியில் நின்றுவிடும்.

மாற்றுவதற்கு முன், எழுதக் காத்திருக்கும் பைல்கள் என்று டிவிடி ட்ரைவுக்குள் ஏதாவது காட்டுகிறதா என்று பார்க்கச் சொன்னேன். பார்த்தார். இரண்டு வருசத்துக்கு முன் அடிக்கத் தொடங்கிப் பாதியில் விட்ட ஒரு கலியாண வீடு, தாலி கட்டுவதிலிருந்து பந்தி வரைக்கும், சி ட்ரைவில் அப்படியே குந்திக்கொண்டிருந்தது.