யாரும் நடாத கன்றுகள்

1968-ல் ஆரோவில் தொடங்கியபோது, புதுச்சேரிக்கு வடக்கே உள்ள அந்தச் செம்மண் மேடு கிட்டத்தட்ட மொட்டையாகக் கிடந்தது. ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும். ஆனால் தண்ணீர் மண்ணுக்குள் இறங்காது. மூடாக்கு எதுவும் இல்லாத தரையில் மழைத்துளி வேகமாக விழும்போது, நுண்ணிய மண்துகள்கள் சிதறி மண்ணின் துளைகளை அடைத்துவிடும். அப்புறம் தண்ணீருக்கு ஓடுவதைத் தவிர வழியில்லை. மேல்மண்ணையும் அரித்துக்கொண்டு அது கடலுக்குப் போனது.

அதனால் அங்கே குடியேறியவர்கள் காடு வளர்க்க இறங்கியபோது, மரம் நடுவதற்கு முன்பே வேலை மண்வெட்டியோடு ஆரம்பித்தது. சரிவுக்குக் குறுக்கே கரை போட்டு, ஓடும் தண்ணீரை நிற்க வைத்தார்கள். நின்ற தண்ணீர் மெல்ல இறங்கியது. ஈரம் தங்கிய இடத்தில் ஆஸ்திரேலியப் பக்கத்து அக்கேசியா மர வகை ஒன்றை ஏராளமாக வைத்தார்கள். அதன் வேர்முடிச்சில் குடியிருக்கும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கும் என்பதால், சத்தற்ற மண்ணிலும் அது வேகமாக வளரும். சருகும் நிறையக் கொட்டும். வெளிநாட்டு மரம் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கென்னவோ, அந்த வெயிலில் முதலில் நிழல் தர ஏதோ ஒன்று வேண்டித்தான் இருந்தது.

அந்த நிழலில்தான் சோழமண்டலக் கரையின் சொந்த மரங்களான காயா, வீரை, கருங்காலி, பாலை எல்லாம் மெதுவாக எழுந்தன. வருடத்தில் பாதி மாதங்கள் வறண்டு கிடக்கும் ஊரில் இலை உதிர்க்காமல் நிற்கும் மரங்கள் இவை. காயாவின் இலையைத் தொட்டுப் பார்த்தால் காரணம் கொஞ்சம் புரியும்: சின்னதாக, தடிப்பாக, மேலே எண்ணெய் தடவியது மாதிரி மினுங்கும். நீர் எளிதில் ஆவியாகாது. வளர்ச்சி மிக மெதுவு. அதற்கு ஏற்றபடி மரம் கனத்து இறுகும்.

2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் வந்தது. வேகமாக வளர்ந்த அக்கேசியாக்கள் ஏராளமாக முறிந்து சாய்ந்தன. ஆனால் கீழே அடுத்த தலைமுறை ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. மேலே வெளிச்சம் திறந்துகொண்டதும் அது எழும்ப இடம் கிடைத்தது.

சரி, மொட்டையான ஊரில் இந்த மரங்களுக்கு விதை எங்கிருந்து வந்தது? கோயில் காடுகள்தான் கைகொடுத்தன. சாமிக்கு பயந்து யாரும் வெட்டாமல் விட்ட காடுகள். பக்கத்திலேயே புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு இருக்கிறது. ஆனால் விதை பொறுக்குவதிலும் சிக்கல் உண்டு. நாவல் மாதிரியான விதைகளைக் காயவைத்து டப்பாவில் சேமிக்க முடியாது. காய்ந்தால் செத்துவிடும், உடனே போட வேண்டும். வீரையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆண் பக்கத்தில் இல்லையென்றால் பெண் மரத்தில் காய் எதிர்பார்க்க முடியாது.

பழம் பிடித்துவிட்டால் மீதியைக் கொண்டைக்குருவியும் மரநாயும் பார்த்துக்கொள்ளும். பழத்தைத் தின்று வேறெங்கோ போய் எச்சமிடும். அதில் விதை முளைக்கும். நட்ட கன்றுகளின் எண்ணிக்கையைப் பெருமையாகச் சொல்கிறோம். யாரும் நடாத கன்றுகளை எண்ணினால்தான் அங்கே காடு வந்திருக்கிறதா என்று தெரியும்.

இதே கரையோர மாவட்டங்களில் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருப்பவர்கள் குருந்தில் தொடங்கலாம். எலுமிச்சைக் குடும்பம், அதன் இலையைத் தின்ன வண்ணத்துப்பூச்சிப் புழுக்கள் வரும். மருந்து அடிக்காதீர்கள், புழுக்களைத் தேடித்தான் குருவியும் வரும். மழைக்காலத் தொடக்கத்தில் நட்டு, முதல் கோடையில் மட்டும் தவறாமல் தண்ணீர் விட்டு, சருகைக் கூட்டாமல் விடுங்கள். வீரை வைப்பதானால் ஒன்றோடு நிறுத்த வேண்டாம். கன்றாக இருக்கும்போது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்ல முடியாது; பூக்கும்வரை காத்திருக்க வேண்டும். நாலைந்து வைத்தால் ஜோடி சேர வாய்ப்பு அதிகம்.