கீழ்வீட்டு சீலிங்கில் ஈரம், உங்கள் பெயரில் வழக்கு

சிங்கப்பூரில் காண்டோ (தனியார் அடுக்குமாடி வீடு) வைத்திருப்பவர்கள் சொத்துச் சேத வழக்கு என்று என்னிடம் வந்தால், விஷயம் பெரும்பாலும் மேல்வீட்டுக் குளியலறையும் கீழ்வீட்டு சீலிங்கும்தான். பொய்க்கூரை ஊறி விழுந்திருக்கும், மரத்தரை உப்பியிருக்கும், அலமாரியில் பூஞ்சை படர்ந்திருக்கும். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தொகை கேட்டு, மேல்வீட்டுக்காரரான உங்களுக்குக் காகிதம் வரும்.

அது எங்கிருந்து வந்தது என்று முதலில் பாருங்கள். வக்கீல் கடிதம் மட்டும் என்றால் இன்னும் வழக்கு இல்லை. ஆனாலும் பதில் போடுங்கள். சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் என்றால், அங்கே 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை விசாரிப்பார்கள், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. வழக்கறிஞர் உங்களுக்காக வாதாட முடியாது, நீங்களே பேசவேண்டும். 60,000 வெள்ளி வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றம், 250,000 வரை மாவட்ட நீதிமன்றம். இந்த நீதிமன்றங்களில் போட்ட வழக்கின் கோரிக்கை அறிக்கை கையில் சேர்ந்துவிட்டால் கெடு ஓட ஆரம்பித்துவிடும். 14 நாளுக்குள் வழக்கை எதிர்க்கப் போவதாக அறிவிப்பு, 21 நாளுக்குள் மறுப்பு அறிக்கை. இரண்டையும் அதே நாளிலிருந்துதான் எண்ண வேண்டும். 14 முடிந்தபின் இன்னொரு 21 இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு.

இன்னொரு தவறு, 'கீழ்வீட்டுக்காரரை லிஃப்ட்டில் பார்த்தேன், பேசித் தீர்த்துக்கலாம்னு அவரே சொன்னார்' என்று நம்பிச் சும்மா இருப்பது. தாராளமாகப் பேசுங்கள். ஆனால் பேச்சு நடக்கிறது என்பதற்காகக் கெடு நிற்காது. 14 நாள் தாண்டினால் உங்கள் தரப்பைக் கேட்காமலே அவர் தீர்ப்பு வாங்கிவிடலாம். அதை ரத்து செய்யச் சொல்லி விண்ணப்பிக்க வழி உண்டு என்றாலும், உருப்படியான மறுப்பு இருக்கிறது என்று காட்ட வேண்டும், செலவும் பெரும்பாலும் உங்கள் தலையில்.

சரி, தண்ணீர் உங்கள் வீட்டிலிருந்துதான் கசிகிறதா? கட்டடப் பராமரிப்பு, ஸ்டிராட்டா (பலர் தனித்தனி வீடுகளாகச் சொந்தமாக வைத்திருக்கும் கட்டடம்) நிர்வாகச் சட்டத்தின் 101(8) பிரிவு இங்கே பலரையும் குழப்புகிறது. கீழ்வீட்டு சீலிங்கில் ஈரம் தெரிந்தால், மாறாக நிரூபிக்கப்படும் வரை, பழுது மேலே இருக்கும் வீட்டில் அல்லது பொதுப்பகுதியில் இருப்பதாக அனுமானிக்கச் சொல்கிறது அது. 'சட்டமே சொல்லிவிட்டது, கட்டுங்கள்' என்று எதிர்த்தரப்பு இதைக் காட்டும். ஆனால் அந்த அனுமானம் அந்தச் சட்டத்தின் கீழ் நடக்கும் விசாரணைகளுக்கானது, உதாரணமாக இப்படிப்பட்ட கட்டடத் தகராறுகளை விசாரிக்கும் ஸ்டிராட்டா டைட்டில்ஸ் வாரியத்தில். கவனக்குறைவு என்று நீதிமன்றத்தில் போடும் சாதாரண வழக்கில், நிரூபிக்க வேண்டியவர் வழக்குப் போட்டவர்தான். அனுமானம் பொருந்தும் இடத்திலும் அதை உடைக்கலாம், கையில் ஆதாரம் இருந்தால்.

அந்த ஆதாரத்தைத்தான் பலர் தங்கள் கையாலேயே அழித்துவிடுகிறார்கள். நல்லெண்ணத்தில் உடனே காண்ட்ராக்டரைக் கூப்பிட்டு, டைல்ஸைப் பெயர்த்து, புதிதாக வாட்டர்ப்ரூஃபிங் போட்டுவிட்டால், கசிவு எங்கே இருந்தது என்று பிறகு யார் சொல்வது? ஓடுகிற தண்ணீரை நிறுத்துங்கள், அது கட்டாயம். மற்ற வேலைக்கு முன் இரு தரப்பும் நேரில் இருக்க, தனிப்பட்ட ஒரு நிபுணரை வைத்துச் சோதியுங்கள். குளியலறைத் தரையில் சாயம் கலந்த தண்ணீரை ஒரு நாள் தேக்கிவைத்துக் கீழே பார்ப்பது, குழாய்களில் அழுத்தச் சோதனை, ஈரமானி அளவு எல்லாம் தேதியோடு படம் எடுக்கப்படட்டும். கசிவது உங்கள் வீட்டுக்கு மட்டுமான குழாய் இல்லாமல் பல வீடுகளுக்குப் பொதுவான குழாயாக இருந்தால், பொறுப்பு, காண்டோவின் பொதுப்பகுதிகளைக் கவனிக்கும் நிர்வாகக் குழுமத்தின் பக்கம் போகும். அவர்களுக்கு உடனே எழுத்தில் தெரிவியுங்கள். சமீபத்தில் குளியலறையைப் புதுப்பித்திருந்தால் அந்தக் காண்ட்ராக்டரையும் மூன்றாம் தரப்பாக வழக்கில் இழுக்க முடியும். ரசீது, உத்தரவாதச் சீட்டு, வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள்.

வாட்ஸ்அப் என்றதும் நினைவுக்கு வருகிறது, 'ஸாரி, எங்க வீட்டாலதான், பார்த்துத் தர்றேன்' என்று அனுப்பும் பழக்கம். அக்கம்பக்கத்தில் அது பண்பு, ஆனால் வழக்கில் அது ஆதாரமாக நிற்கும். சமரசம் பேசும் கடிதங்களில் 'வித்தவுட் பிரெஜுடிஸ்' (இந்தச் சமரசப் பேச்சை வழக்கில் எனக்கு எதிரான ஆதாரமாகக் காட்டக்கூடாது) என்று தெளிவாக எழுதுங்கள்.

வீட்டுக் காப்புறுதியை எடுத்துப் படியுங்கள். பிறருக்கு நீங்கள் விளைவித்த சேதத்துக்கான பொறுப்பும் பல திட்டங்களில் அடங்கும். வங்கிக் கடனுக்காக எடுத்த தீக் காப்புறுதியில் அதைப் பொதுவாக எதிர்பார்க்க முடியாது. காகிதம் வந்த அன்றே நிறுவனத்துக்குச் சொல்லிவிடுங்கள். அவர்கள் சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொண்டால் இழப்பீடு தர மறுக்க இடமுண்டு.

தொகையையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. பல வருடம் பழைய மரத்தரைக்குப் புதுத் தரையின் முழு விலையைக் கேட்டால் கேள்வி கேளுங்கள். மாதக்கணக்கில் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டே கீழ்வீட்டுக்காரர் பொருள்களை நகர்த்தாமல் விட்டிருந்தால் அதையும் மறுப்பில் எழுதுங்கள். காண்ட்ராக்டர் தந்த உத்தேச விலைப்பட்டியலோடு நிற்காமல், உண்மையில் செலவழித்ததற்கான ரசீது எங்கே என்று கேளுங்கள்.

கடைசியில் சமரசமாகத்தான் முடியும் என்றால், ஒப்பந்தத்தில் பணத்தை மட்டும் எழுதாதீர்கள். யார் வீட்டில் யார் வேலை செய்வது, எந்தத் தேதிக்குள், வேலைக்குப் பிறகு மறுபடி தண்ணீர் தேக்கிச் சோதிப்பது யார் செலவில், அதன்பின் வழக்கை எப்போது திரும்பப் பெறுவது என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.