கருத்துக்கணிப்பு: சொல்லும் பொருளும், நகரத்துக்குப் பொருந்தும் இன்னொரு சொல்லும்

மேயரின் வேலை உங்களுக்குத் திருப்தியா, மெட்ரோ முதலில் வேண்டுமா மழைநீர் வடிகாலா, உங்கள் தெருவுக்குக் கவுன்சிலர் கடைசியாக எப்போது வந்தார் என்றெல்லாம் ஒரு நகரத்தில் குடியிருப்பவர்களிடம் கேட்டு, விடைகளைத் தொகுத்து வெளியிட்டால் தமிழில் அதற்குப் பெயர் கருத்துக்கணிப்பு. எந்தக் கட்சிக்கு எத்தனை இடம் என்று தேர்தலுக்கு முன் தொலைக்காட்சியில் சொன்னாலும் அதே பெயர். வாக்குச்சாவடியிலிருந்து வெளியே வருகிறவர்களை நிறுத்திக் கேட்டுச் சொன்னாலும் பல நேரம் அதே பெயர்தான். பின்னிரண்டுக்கும் இது பொருந்தும். முதலாவதுக்குப் பொருந்தவில்லை என்பது என் வாதம்.

'கருத்து' என்ற பாதியில் சிக்கல் இல்லை. கருதுவது கருத்து. 'கணிப்பு'தான் கவனிக்க வேண்டிய பாதி. கணித்தல் என்பதற்கு எண்ணுதல், கணக்கிடுதல் என்று ஒரு பொருள். கணக்கிட்டு, வரப்போவதை முன்கூட்டிச் சொல்லுதல் என்று இன்னொரு பொருள். ஜாதகம் கணிக்கிறோம், பஞ்சாங்கம் கணிக்கிறோம், மழையைக் கணிக்கிறோம். சங்க காலத்தில் கணியன் என்றால் நாளும் கோளும் பார்த்துச் சொல்பவன். வேங்கை மரத்துக்கே 'கணி' என்று ஒரு பெயர் உண்டு. அது பூத்தால் தினை விளைந்துவிட்டது, கொய்யும் நாள் வந்துவிட்டது என்று குறவர்கள் அறிந்துகொள்வார்கள். காலம் சொல்லும் மரம் என்பதால் அந்தப் பெயர். 'கண' என்ற வடமொழி வேரிலிருந்து இது வந்ததா, இங்கிருந்து அங்கே போனதா என்ற வழக்கு தனி; அதில் இப்போது இறங்க வேண்டாம். இதே அடியில் பிறந்த கணினிக்குக் கணக்கு மட்டும் வாய்த்தது, ஜோசியம் ஒட்டவில்லை. கணிப்புக்கு இரண்டும் ஒட்டிக்கொண்டன.

தேர்தல் முடிவு வந்த மறுநாள் செய்தித்தாளைப் பாருங்கள். கணிப்பு 'பலித்தது' அல்லது 'பொய்த்தது' என்று எழுதியிருப்பார்கள். இரண்டும் குறி சொல்பவருக்கு உரிய வினைச்சொற்கள். தேர்தல் கணிப்புக்கு அவற்றைச் சொன்னால் தப்பில்லை. பலிப்பதற்கு அதற்கு ஒரு நாள் இருக்கிறது. ஆனால் ஒரு வார்டில் கேட்ட 100 பேரில் 60 பேர் குப்பை வண்டி ஒழுங்காக வருவதில்லை என்று சொன்னால், அது எந்தத் தேதியில் பலிக்கும்? அந்த 60 பேர் சொன்னது ஏற்கெனவே நடந்துகொண்டிருப்பது. அதைக் கணிப்பு என்று அழைத்ததும், 'சும்மா ஒரு யூகம்' என்று தள்ளிவிட ஆட்சியில் இருப்பவருக்கு வசதி கிடைத்துவிடுகிறது.

ஆங்கிலத்தில் இதைக் குறிக்கும் 'போல்' என்ற சொல்லில் ஜோசிய வாடை கிடையாது. அதன் பழைய பொருள் தலை. குறிப்பாக, முடி வளரும் உச்சந்தலை. தலைகளை எண்ணுவதிலிருந்து வாக்கு எண்ணிக்கைக்கும், பிறகு வாக்குப்பதிவுக்கும், கடைசியாகக் கருத்துக் கேட்பதற்கும் அது நகர்ந்தது. ஆளுக்கு இவ்வளவு என்று போட்ட தலைவரிக்கும் அங்கே அதே சொல்தான். நம் ஊர்க் கோயில் திருவிழாவுக்கு வாங்கும் தலைக்கட்டு வரியை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். தலைக்கட்டு என்றால் பல ஊர்களில் மணமான ஆண் ஒருவன். தனியாக வீடு நடத்தும் பெண் அந்தக் கணக்கில் வரமாட்டாள், வந்தாலும் பாதி வரி என்பார்கள். தலை எண்ணும் வேலை எங்கே நடந்தாலும், யார் தலை கணக்கில் சேரும் என்ற கேள்வி கூடவே வருகிறது. இன்றும் கேள்வித்தாளோடு வருகிறவர் கதவைத் தட்டி, "வீட்டுல பெரியவங்க யாராவது இருக்காங்களா?" என்றுதானே ஆரம்பிக்கிறார்! வீட்டுக்குள் இருப்பவர்களில் யாரைக் கேட்பது என்பதையும் குலுக்கல் முறைக்குள் கொண்டுவர வேண்டும் என்று லெஸ்லி கிஷ் என்ற புள்ளியியலாளர் 1949லேயே ஒரு முறை வகுத்துக் கொடுத்துவிட்டார். நம் தெருக்களில் அதைக் கடைப்பிடிப்பவர்கள் அரிது.

இந்த வழக்கத்தின் பிறப்பு என்று பொதுவாகச் சொல்வதும் ஒரு நகரத்தைத்தான். 1824ல் அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் டெலவேர் மாநிலத்து வில்மிங்டன் நகர மக்களிடம் எடுத்த கணக்கு ஒன்றை, ஹாரிஸ்பர்க்கிலிருந்து வந்த பத்திரிகை வெளியிட்டது. ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு 335, ஜான் குவின்சி ஆடம்ஸுக்கு 169. நாடு முழுவதும் வாக்கெண்ணிக்கையிலும் ஜாக்சன்தான் முந்தினார். ஆனால் அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் குழுவில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காமல், பிரதிநிதிகள் அவை கூடி ஆடம்ஸை அதிபராக்கியது. மக்கள் மனம் ஒரு பக்கம், மன்றத்தின் முடிவு மறுபக்கம்.

சென்னைக்காரருக்கு இது புதிதாக இருக்காது. சென்னை மேயரை 1996லும் 2001லும் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2006ல் அந்த உரிமை கவுன்சிலர்களிடம் போனது, 2011ல் திரும்பி வந்தது, 2022ல் மறுபடி கவுன்சிலர்களிடமே போய்விட்டது. ஆகவே "அடுத்த மேயராக யார் வரவேண்டும்?" என்று இன்று ஒரு நகரவாசியிடம் கேட்டு வாங்கும் பதிலைக் கணிப்பாக வைத்துக்கொள்ள வழியில்லை. அவருக்கு அந்த வாக்கே கிடையாது. அதை விருப்பம் என்று எழுதினால் மட்டும் பொருள் உண்டு.

எத்தனை பேரைக் கேட்டோம் என்பதைவிட எப்படித் தேர்ந்தெடுத்தோம் என்பதே பெரிது என்ற பாடம் 1936ல் கிடைத்தது. அந்த ஆண்டு அதிபர் தேர்தலில் யாருக்கு வாக்கு என்று கேட்டு அமெரிக்காவின் 'லிட்டரரி டைஜஸ்ட்' இதழ் ஒரு கோடி அட்டைகளை அனுப்பியது. 20 லட்சத்துக்கு மேல் நிரப்பப்பட்டுத் திரும்பின. லாண்டன் ஜெயிப்பார் என்றது இதழ். ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ வாரிக்கொண்டு போனார். முகவரிகளைத் தொலைபேசி வைத்திருந்தவர்கள், கார் வைத்திருந்தவர்கள் பட்டியலிலிருந்து எடுத்தது ஒரு காரணம். அட்டையைத் திருப்பி அனுப்ப முனைந்தவர்கள் மட்டுமே கணக்கில் வந்தது இன்னொன்று. கருத்துக்கணிப்பு நடத்திவந்த ஜார்ஜ் கேலப் அதைவிட மிகக் குறைவானவர்களைக் கேட்டு ரூஸ்வெல்ட் வெல்வார் என்று சரியாகச் சொன்னார்.

குலுக்கி எடுப்பது நமக்குத் தெரியாத வித்தை அல்ல. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) சொல்லும் குடவோலையை மேடைப் பேச்சில் 'அன்றே தேர்தல்' என்பார்கள். அங்கே யாரும் வாக்களிக்கவில்லை. ஊரை 30 குடும்பாக (இன்றைய வார்டு போன்ற பகுதிகளாக)ப் பிரித்து, தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். தேர்தலைவிட, குலுக்கி எடுக்கும் மாதிரிக்கு (சாம்பிளுக்கு)த்தான் இது கிட்டத்தில் நிற்கிறது. குடத்துக்குள் யார் பெயர் போகலாம் என்பதில் கட்டுப்பாடு கடுமை: சொந்த மனையில் வீடு, வரி செலுத்தும் நிலம், வேதக் கல்வி, 35க்கு மேல் 70க்குள் வயது. முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரும், அவருடைய உறவினர் பெயரும் போகக்கூடாது. அது பிராமண ஊர்ச்சபை. உழுதவர்களின் பெயர் குடத்தின் அருகே வந்திருக்காது. அப்படித் தேர்ந்தவர்கள் அமர்ந்தது ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர (ஆண்டு) வாரியம். அந்த 'வாரியம்' இன்றும் சென்னையின் குடிநீர் வாரியத்தில் உயிரோடு இருக்கிறது.

இன்றைய சென்னைக்கு அந்தக் குடம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? ஒழுங்காகக் குலுக்கி எடுத்தால் 1,000 பேர் போதும். நகரம் முழுவதற்குமான விடை மூன்று விழுக்காடு முன்பின் சரியாக வரும். நகரத்தில் பத்து லட்சம் பேர் இருந்தாலும் ஒரு கோடி பேர் இருந்தாலும் கணக்கு ஏறத்தாழ அதுதான். 'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது இந்த அளவுக்குச் சரி. ஆனால் நகரம் ஒரே உலையில் வெந்த சோறு அல்ல. மாநகராட்சியில் 200 வார்டுகள். 1,000 பேரைப் பங்கிட்டால் வார்டுக்கு ஐந்து பேர். "எங்கள் கணிப்பில் உங்கள் வார்டு கடைசி இடம்" என்று அந்த ஐந்து பேரை வைத்து யாராவது அறிவித்தால் சிரித்துவிட்டுப் போகலாம். ஒவ்வொரு வார்டுக்கும் ஐந்து விழுக்காடு முன்பின் சொல்லவே 380 பேருக்கு மேல் வேண்டும். 200 வார்டுக்கும் சேர்த்தால் 76,000ஐத் தாண்டும். அந்தச் செலவை ஏற்க யாரும் முன்வருவதில்லை; வார்டுவாரிப் பட்டியலை மட்டும் விடுவதுமில்லை.

யார் நகரவாசி என்பது இன்னும் சங்கடமான கேள்வி. கூவம் கரையிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களில் பல பெரும்பாக்கத்தில் குடியமர்த்தப்பட்டன. பெரும்பாக்கம் மாநகராட்சி எல்லைக்கு வெளியே. கூவம் சீரமைப்பு பற்றிச் சென்னைவாசிகளிடம் கேட்டால், அந்தச் சீரமைப்பில் வீட்டை இழந்தவர்கள் பதில் சொல்லும் இடத்தில் இருக்கமாட்டார்கள். எல்லைக்குள் இருப்பவர்கள் மட்டும் 'கரை அழகாகிவிட்டது' என்பார்கள். கணக்கில் பிழை எதுவும் தெரியாது.

'சர்வே' என்ற சொல்லையும் இங்கே எச்சரிக்கையோடுதான் கையாள வேண்டும். தமிழில் அது முதலில் நிலத்துச் சொல்: சர்வேயர், சர்வே எண், சர்வே கல். ஆற்றோரக் குடிசைப் பகுதியில் நுழைந்து "சர்வே எடுக்க வந்திருக்கோம்" என்றால், வீட்டை இடிக்கக் கணக்கெடுக்கிறார்கள் என்றுதான் காதில் விழும். அந்தப் பயம் காரணமில்லாதது அல்ல. அதற்குப் பிறகு வாங்கும் பதில்களில் 'ரொம்ப நல்லா இருக்கு சார்' நிறைய வரும்.

கேள்வியின் மொழியும் விடையைத் திருப்பிவிடும். 'தங்கள் பகுதியின் திடக்கழிவு மேலாண்மை குறித்துத் தாங்கள் எந்த அளவு மனநிறைவு அடைகிறீர்கள்?' என்று கேட்டால், பதில் சொல்பவர் கேட்டவரின் மனம் கோணாதபடி ஏதோ சொல்லி அனுப்புவார். 'குப்பை வண்டி நேத்து வந்துச்சா?' என்று கேட்டால் உண்மை வரும். 'மிகத் திருப்தி'யிலிருந்து 'துளியும் இல்லை' வரை ஐந்து படி வைத்த அளவுகோலில் நம் மக்களின் பொது விடை ஒன்று எங்கேயும் உட்காராது: 'பரவாயில்லை'. பாரசீகத்துப் 'பர்வா'வும் நம் 'இல்லை'யும் கூடிப் பிறந்த சொல் அது. நன்றாக இருக்கிறது என்றும் பொருள், சகித்துக்கொள்கிறேன் என்றும் பொருள், பேச்சை முடி என்றும் பொருள். தாளில் அதை 'நடுநிலை' என்று குறிக்கிறார்கள்.

கருத்துக்கணிப்போடு குழப்பிக்கொள்ளும் சொற்கள் சில. கருத்துக்கேட்பு என்பது சுற்றுச்சூழல் அனுமதிக்கு முன் நடப்பது போன்ற கூட்டம். வந்தவர் பேசுவார், வராதவர் கருத்து பதிவாகாது. வார்டுகளைப் பகுதிகளாகப் பிரித்துத் தமிழ்நாட்டில் 2022 விதிகளின்படி கூட்டும் பகுதி சபையும் ஏறத்தாழ இதே இனம். வாக்கெடுப்பு என்றால் முடிவு பெரும்பாலும் கட்டுப்படுத்தும். நாட்டளவில் மக்களிடமே விடும் வாக்கெடுப்பை இலங்கை அரசியலமைப்பின் தமிழ் வடிவம் 'மக்கள் தீர்ப்பு' என்கிறது. கருத்துக்கணிப்பு யாரையும் கட்டுப்படுத்தாது, ஆனால் வராதவரையும் தேடிப் போகும். அதுதான் அதன் தனிச்சிறப்பு.

ஒன்றிய அரசு 2020ல் 111 நகரங்களில் 32 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் 'உங்கள் நகரத்தில் வாழ்வது எப்படி இருக்கிறது' என்று கேட்டு, வாழ்வதற்கு எளிதான நகரங்களின் தரவரிசையில் அந்தப் பதில்களுக்கு 30 விழுக்காடு மதிப்புக் கொடுத்தது. 2021 மார்ச்சில் வந்த அந்தப் பட்டியலில் பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் பெங்களூரு முதலிடம், சென்னை நான்காமிடம். மக்கள் கருத்தை மட்டும் தனியே எடுத்தால் முன்னே நின்றது புவனேஸ்வர். இதில் எதுவும் கணித்தது அல்ல, கேட்டு எடுத்தது.

வாக்கை எடுத்தால் வாக்கெடுப்பு. தலைகளைக் கணக்கில் எடுத்தால் கணக்கெடுப்பு. அந்த வழியில் நகர மக்களின் கருத்தை எடுப்பது கருத்தெடுப்பு. பேச்சில் உருளும், எழுத்தில் இடறாது, முக்கியமாகப் பலிக்கவோ பொய்க்கவோ வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. 'குப்பை குறித்து நகர மக்கள் கருத்தெடுப்பு' என்று தலைப்பிட்டுப் பாருங்கள். அடுத்த வரியில் யாரிடம், எப்போது, எப்படி எடுத்தது என்று எழுதியாக வேண்டிவரும். தேர்தல் நேரத்து இடக்கணக்குக்காரர்களிடம் கருத்துக்கணிப்பு அப்படியே இருக்கட்டும், அவர்களுக்குப் பொருத்தமான பெயர்தான். வலைப்பக்கத்தில் விரும்பியவர் விரும்பிய தடவை பொத்தானை அழுத்தி மேயருக்கு மதிப்பெண் போடும் வேடிக்கைக்கு மட்டும் இந்த இரண்டு பெயர்களில் எதையும் கொடுக்க வேண்டியதில்லை.