ஸ்ட்ரீமிங்: தாரையா, சாரையா?

நல்ல ஒலிபெருக்கி வைத்து வீட்டில் பாட்டுக் கேட்பவர்களிடையே ஓயாத வழக்கு ஒன்று உண்டு. பாட்டு அதே பாட்டு, ஆம்ப்ளிஃபயரும் அதேதான். கணினியில் ஓடும் ஸ்ட்ரீமிங் மென்பொருளை மட்டும் மாற்றினேன், ஒலி தெளிந்துவிட்டது என்பார் ஒருவர். எண்ணை எண்ணாக அனுப்பும் மென்பொருளில் தெளிவென்ன, கலங்கலென்ன என்று எதிராளி கேட்பார். கேட்டுக்கொண்டே இருந்ததில் எனக்கு ஒன்று பட்டது. இந்த வழக்கில் பாதி 'ஸ்ட்ரீமிங்' என்ற சொல்லே கிளப்பிவிட்டது.

'ஸ்ட்ரீம்' பழைய ஆங்கிலத்தின் 'ஸ்ட்ரேஆம்'. ஓடும் நீர் என்று பொருள். அதற்கும் பின்னால் போனால் 'ஒழுகு' என்று பொருள்படும் இந்தோ-ஐரோப்பிய வேர் ஒன்றில் முடியும். வடமொழியின் 'ஸ்ரவதி', 'ஸ்ரோதஸ்' இரண்டும் அந்த வேரின் கிளைகளே. தாளத்தைக் குறிக்கும் 'ரிதம்' கிரேக்க மொழி வழியாக அதே வேரிலிருந்து வந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் கருத்து. ஆக, இந்தச் சொல்லுக்கு இசை அன்னியமில்லை.

நீருக்கு உரிய சொல் தரவுக்கு வந்தது காந்த நாடாக்களின் காலத்தில். பழைய நாடா இயக்கிகள் ஒவ்வொரு தொகுதியை எழுதியதும் நின்று, மறுபடி கிளம்பும். நிற்காமல் நாடாவை ஓட்டிக்கொண்டே எழுதும் இயக்கிகள் பரவிய 1980களில் அவற்றை 'ஸ்ட்ரீமர்' என்றார்கள். இசைக்கு இந்தச் சொல் பெருவழக்கானது 1995 ஏப்ரலில், இணையம் வழி ஒலி கேட்க உதவும் ரியல்ஆடியோ மென்பொருள் வெளிவந்த பிறகுதான். கோப்பு முழுவதும் இறங்கும்வரை காத்திராமல், வரவரக் கேட்கலாம் என்பதே அன்றைய அதிசயம். நொடிக்கு 14,400 பிட் (0 அல்லது 1 என்ற ஒற்றை இலக்கம்) கடத்தும் மோடத்துக்கு ஏற்றபடி ஒலியை நசுக்கி அனுப்பினார்கள். குறுந்தட்டுக்கு வேண்டியதோ நொடிக்கு 14,11,200 பிட். கிட்டத்தட்ட நூறில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு பாட வைத்தார்கள். அது கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்டதில் வியப்பில்லை. ஸ்ட்ரீமிங் என்றாலே மட்டமான ஒலி என்ற பெயர் அப்போது ஒட்டியது. முழுசாகக் கழுவப்பட இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின.

தமிழில் இதற்கு ஓடை, ஓடையாக்கம், பாய்வு, தாரை என்று பல சொற்கள் சுற்றுகின்றன. 'நேரலை' என்று சிலர் எழுதுவது பிழை. அது லைவ் என்பதற்கு உரியது. நாற்பது ஆண்டுக்கு முன் பதிவான பாட்டை நேற்றிரவு கேட்டதில் நேர் எங்கே வந்தது? 'ஓடை' காதுக்கு இனிது, ஆனால் அது நீர் ஓடும் இடம். ஓட்டத்தைக் குறிக்காது. 'ஒழுக்கு' நல்ல பழந்தமிழ்ச் சொல்தான். இன்று கூரை ஒழுகுவதைத்தான் நினைவூட்டும். 'தாரை' வடமொழி வழி வந்தாலும் 'கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது' என்று யாரும் யோசிக்காமல் சொல்வது. அறாமல் விழும் ஒழுங்கு அதற்குள் இருக்கிறது. கூடவே, தாரை தப்பட்டை என்கிறோமே, அந்த ஊதுகருவிக்கும் தாரை என்றே பெயர். கேட்பவரின் அனுபவத்தைச் சொல்ல இதைவிடப் பொருத்தமாக எனக்கு ஒன்றும் அகப்படவில்லை: இசைத்தாரை, தாரைச் செயலி.

ஆனால் கேட்பவரின் அனுபவம் வேறு, உள்ளே நடப்பது வேறு. நீர் என்றதும் மனம் ஒரு படத்தை வரைந்துகொள்கிறது. பாயும் மண்ணுக்கு ஏற்ப நீரின் சுவை திரியும். துருப்பிடித்த குழாயில் வந்தால் துருவாடை வீசும். அப்படியானால் பாட்டும் வழியில் வரும் வடத்துக்கும் மென்பொருளுக்கும் ஏற்பத் திரியாதா? 'இந்தச் செயலி கலங்கலாகத் தருகிறது' என்ற பேச்சு இந்தப் படத்திலிருந்து பிறக்கிறது.

உண்மையில் வருவது தாரை அல்ல, சாரை. எறும்புச் சாரை. இழப்பில்லாமல் சுருக்கிய நான்கு நிமிடப் பாட்டு ஒன்று 25 எம்பி இருக்கிறது என்று கொள்வோம். அது ஏறக்குறைய 17,000 பொட்டலங்களாகப் பிரிந்து கிளம்பும். ஒவ்வொன்றிலும் வரிசை எண் இருக்கும், உள்ளிருப்பைச் சரிபார்க்க ஒரு கூட்டுத்தொகையும் இருக்கும். வழியில் ஓர் எறும்பு தொலைந்தால் அந்தப் பருக்கையை மட்டும் மறுபடி கேட்டு வாங்கலாம். முன்பின்னாக வந்தால் அடுக்கிக்கொள்ளலாம். வந்து சேர்ந்த பருக்கைகள் நினைவகத்தில் குவிந்து காத்திருக்கும். பாடுவது அந்தக் குவியலிலிருந்துதான். நம்பாதவர்கள் பாட்டு பாதியில் இருக்கும்போது இணைய வடத்தைப் பிடுங்கிப் பார்க்கலாம். குழாயை அடைத்தால் நீர் நிற்கும்; பாட்டு நிற்காது. பல செயலிகளில் பாட்டு முடியும்வரை போகும்.

தாமதம், முன்பின்னாக வரும் நேரம் பற்றிய கவலைக்கும் இதுவே மறுமொழி. எண்களை மின்னலையாக்கும் டாக் கருவி, இன்று பரவலாக உள்ள ஒத்திசையா யுஎஸ்பி முறையில், தன் கடிகாரப்படி கணினியிடம் 'அடுத்ததைக் கொடு' என்று கேட்டு வாங்குகிறது. தாளம் போடுவது டாக், மென்பொருள் அல்ல.

அப்படியானால் எல்லா மென்பொருளும் ஒன்றா? இல்லை. வழி கெடுக்காது, ஆனால் மென்பொருள் தானே கைவைக்கும்.

இரண்டு செயலிகளில் ஒரே பாட்டை ஓடவிட்டு, டாக்குக்குப் போகும் எண்களை அப்படியே பதிவு செய்து பார்த்தேன். ஒரு பதிவைத் தலைகீழாக்கி மற்றதோடு கூட்டினால், இரண்டும் ஒன்றாக இருக்கும் இடத்தில் மிஞ்சுவது சுழி. தொடக்கத்தை இழுத்து இழுத்துப் பொருத்தவே அரைமணி ஆனது. பொருந்திய கணத்தில் திரையிலிருந்த அலை மொத்தமும் படுத்துக் கோடாகிவிட்டது. முழு மௌனம். பிறகு ஒரு செயலியில் ஒலியளவைச் சமன்படுத்தும் வசதியை மட்டும் இயக்கி மறுபடி செய்தேன். இம்முறை கோடு படுக்கவில்லை. அதே பாட்டு, அடுத்த அறையில் யாரோ பாடுவதுபோல் மெலிந்து கேட்டது. மாறியது அளவு மட்டும்தான். 'தெளிவு', 'அகலம்' என்று நாம் வர்ணிப்பதில் பெரும்பகுதி இதுதான் என்பது என் எண்ணம். ஒரு டெசிபலுக்கும் குறைவாகக் கூடினால் போதும், காது அதைச் சத்தம் என்று சொல்லாது, நயம் என்று சொல்லும்.

இன்னொன்று, டாக்கின் முகப்பில் தெரியும் எண். பாட்டு 44.1 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து எண்ணாக்கிப் பதிவானது. முகப்பு 48 என்று காட்டினால், இயங்குதளத்தின் கலவைப் பகுதி இடையில் புகுந்து எண்களைப் புதிதாகக் கணக்கிட்டுவிட்டது என்று பொருள். நல்ல கணக்கீடு என்றால் காதுக்குத் தெரியாது, மோசமானது என்றால் சில சமயம் தெரியும். விண்டோஸில் எக்ஸ்குளூசிவ் மோடு இருப்பது இந்தக் கலவையைத் தாண்டிப் போகத்தான். ஈக்வலைசர், புளூடூத்தின் மறுசுருக்கம், சேவைக்குச் சேவை வேறுபடும் மூலப் பதிவு எல்லாம் இதே கணக்கில் சேரும். மூலப் பதிவே வேறு என்றால் செயலியைக் குறைசொல்லிப் பயனில்லை.

எதிலும் கைவைக்காமல் வந்ததை வந்தபடி டாக்கிடம் சேர்ப்பதை 'பிட் பெர்ஃபெக்ட்' என்கிறார்கள். 'பிட்' என்ற சொல் தகவல் கோட்பாட்டுக்கு அடிகோலிய கிளாட் ஷானனின் 1948 கட்டுரையில் அச்சேறியது. அதை உருவாக்கியவர் புள்ளியியலாளர் ஜான் டூக்கி என்று ஷானனே எழுதியிருக்கிறார். தமிழில் இதற்கு 'பிட் துல்லியம்', 'துணுக்கு நிறைவு' என்றெல்லாம் சொல்லுக்குச் சொல் கட்டத் தேவையில்லை. அச்சுப் பிசகாமல் என்று நாம் சொல்கிறோமே, அதுவேதான் இது. அச்சுப் பிசகா ஒலி. துல்லியம் என்றால் 'நல்ல ஒலி' என்று மயங்க இடமுண்டு. இதில் அந்த மயக்கம் வராது. மட்டமான பதிவையும் ஒரு செயலி அச்சுப் பிசகாமல் கொடுக்கும்.

மறுதரப்புக்கும் ஒரு புள்ளி விட்டுவைக்க வேண்டும். கணினியின் மின்னிரைச்சல் யுஎஸ்பி வடத்தின் செம்புக் கம்பி வழியே ஏறி வரலாம். சுட்டியை நகர்த்தும்போதெல்லாம் ஒலிபெருக்கி 'கிர்ர்' என்று முனகுவதைக் கேட்டவர்களுக்கு இது தெரியும். அது எண்ணோடு வருவதல்ல, எண்ணைச் சுமக்கும் கம்பியோடு வருவது. மருந்தும் மென்பொருளில் இல்லை, கணினிக்கும் டாக்குக்கும் இடையே மின்தொடர்பை அறுக்கும் மின்தனிமைப்படுத்தலில் இருக்கிறது.

'தாரை'யில் ஒரே ஒரு நெருடல். தாரை வார்ப்பது என்றால் நீர் ஊற்றி, இனி உனக்கே என்று கொடுத்துவிடுவது. இசைத்தாரையில் அப்படி எதுவும் கைக்கு வருவதில்லை; சந்தா முடிந்த மறுநாள் பாட்டும் போய்விடும். காசு கொடுத்து இறக்கி, வட்டில் வைத்துக்கொள்ளும் கோப்பைத்தான் தாரை வார்த்தது என்று சொல்ல வேண்டும்.