முடிந்துபோன பதிவும் ஒரு போரும்

கப்பல் பத்திரம் எது மேசைக்கு வந்தாலும் என் கண் முதலில் போவது காலாவதித் தேதிக்குத்தான். ஒருமுறை காய்கறி ஏற்றி மாலத்தீவுக்குக் கிளம்ப நின்ற தோணியின் சான்றிதழ் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. "ரெண்டு நாள்தானே வக்கீல் சார், போயிட்டு வந்து பாத்துக்கலாம்" என்றார் உரிமையாளர். அவரை உட்காரவைத்து 'ஏரோ' கப்பலின் கதையைச் சொன்னேன்.

ஏரோ ஒரு லோர்ச்சா. உடல் ஐரோப்பியக் கட்டு, பாய் சீனப் பாய். உரிமையாளரும் சீனர்; கொடி மட்டும் பிரிட்டிஷ் கொடி. பிரிட்டனும் சீனாவும் 1843-இல் செய்த துணை ஒப்பந்தப்படி, பிரிட்டிஷாருக்குத் திறந்துவிடப்பட்ட ஐந்து சீனத் துறைமுகங்களை மீறி வணிகம் செய்யும் பிரிட்டிஷ் கப்பலைச் சரக்கோடு சீனா பறிமுதல் செய்யலாம். கான்டன் (இன்றைய குவாங்சோ), பிரிட்டிஷ் காலனியான ஹாங்காங், மக்காவ் இடையே ஓடும் லோர்ச்சாக்களுக்கு இரு மொழியிலும் எழுதிய பதிவுப் பத்திரம் கட்டாயம். ஹாங்காங்கில் அரசு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்த சீனரும் கப்பலைப் பதியலாம் என்று 1855-இல் அந்தக் காலனி சட்டம் போட்டது. பதிவு ஓராண்டுக்குத்தான் செல்லும்.

ஏரோவின் பதிவு 1856 செப்டம்பர் 27-இல் முடிந்தது. அக்டோபர் 8-இல் கான்டனில் சீன அதிகாரிகள் கப்பலில் ஏறி 12 மாலுமிகளைப் பிடித்துப் போனார்கள். பிரிட்டிஷ் கொடியை இறக்கி அவமதித்துவிட்டார்கள் என்று கான்டனில் இருந்த பிரிட்டிஷ் தூதரக அதிகாரி ஹாரி பார்க்ஸ் கொதித்தெழுந்தார். கொடியே பறக்கவில்லை என்றார் சீன ஆளுநர் யெ மிங்சென்.

இந்த இடத்தில்தான் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை. கப்பலுக்குக் கொடியேற்றும் உரிமை இல்லை என்று ஹாங்காங் ஆளுநர் பவுரிங்கே பார்க்ஸுக்கு எழுதினார். அதே கை, கொடி சட்டப்படியானதே என்று யெவுக்கும் எழுதியது. மாலுமிகள் 12 பேரும் அக்டோபர் 22-இல் திருப்பி அனுப்பப்பட்டார்கள். மறுநாளே பிரிட்டிஷ் கடற்படை கோட்டைகளைப் பிடிக்கத் தொடங்கியது. இரண்டாம் அபினிப் போர் அது.

லண்டனில் பிரபுக்கள் சபையில் லிண்ட்ஹர்ஸ்ட் கேட்டது, கொடி விவகாரம் பார்க்கும் எந்த வக்கீலும் கேட்க வேண்டியது: நீங்கள் கொடுத்த உரிமை உங்களைக் கட்டுப்படுத்தலாம், அதை வாங்கிய சீனரின் சொந்த நாட்டை எப்படிக் கட்டுப்படுத்தும்? 1857 மார்ச் 3-இல் மக்கள் சபையில் இந்த விவகாரம் பற்றிய வாக்கெடுப்பில் அரசு 263-க்கு 247 என்று தோற்றது. ஆனால் அடுத்து வந்த தேர்தலில் பிரதமர் பாமர்ஸ்டன் மீண்டும் ஜெயித்தார், போரும் நடந்தது.

தோணிக்காரர் சரக்கை இறக்கிவிட்டுப் புதுப்பிக்கப் போனார். நஷ்டம்தான். உங்கள் பத்திரத்தையும் எடுத்துப் பாருங்கள். கிளம்பும் நாளுக்கு மட்டும் செல்லுபடி பார்க்காதீர்கள். திரும்பிக் கரை சேரும் நாளையும் அந்தத் தேதி தாண்டியிருக்க வேண்டும்.